கயானாவுக்கு எந்த மாதம் போகலாம்

ஒரு ஊருக்குப் போக எது நல்ல மாதம் என்று கேட்டால் மற்றவர்கள் வெயிலையும் மழையையும் பார்த்துச் சொல்வார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அந்த வழக்கமே கிடையாது. எங்களுக்கு வருஷத்தில் இரண்டே காலம். படகு கடலுக்குப் போகிற காலம், போகாத காலம். சித்திரை பிறந்ததும், மீன் முட்டையிடுகிற நேரம் என்று விசைப்படகுகளுக்கு அரசாங்கம் தடை போட்டுவிடும். வைகாசி பாதி வரைக்கும் காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சும்மா நிற்கும். கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளுக்குக் கோயிலில் புதுநன்மை கொடுப்பது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பழைய சண்டையைப் பேசித் தீர்ப்பது எல்லாம் அந்த ஒன்றரை மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் குடல்வால் ஆபரேஷனையே தடைக்காலம் வரட்டும் என்று தள்ளிப்போட்டு, டாக்டரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அந்தத் தெருவிலிருந்துதான் என் அக்கா தென் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் கன்னியாஸ்திரி. நர்ஸ் படிப்பும் படித்தவள். கயானா என்ற நாட்டில், கடற்கரையிலிருந்து ரொம்ப உள்ளே தள்ளி, பிரேசில் எல்லையை ஒட்டிய புல்வெளியில் அவளுடைய மடம். அங்கிருந்து ஜீப்பில் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது அவள் வேலை. அவளுடைய சபையில், வெளிநாட்டில் வேலை செய்கிற சிஸ்டர்களின் அப்பா அம்மாவை ஒரே ஒருமுறை சபை செலவில் அழைத்துவந்து காட்டுவார்கள். ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணி, "நைனாவும் நீயும் ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்கம்மா, எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அடுத்த தடைக்காலத்துல வரோம்" என்றாள்.

"மே மாசமாம்மா" என்று அக்கா இழுத்தாள். அந்த இழுப்பை யாரும் கவனிக்கவில்லை. அம்மா போனை வைத்துவிட்டு, தெருமுனை மாவு மில் வரைக்கும் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள்.

நைனா, அதாவது எங்கள் அப்பா, எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நைனா, ஐந்தாறு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற பெரிய விசைப்படகுக்கு டிரைவர். அக்காவை நர்ஸ் படிக்க வைத்தவரே அவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்டு நிற்கப்போகிறாள் என்று ஹார்பர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவள் வேறு வெள்ளையைப் போட்டுக்கொண்டு மடத்துக்குப் போனதும் மனிதருக்கு முகம் செத்துப்போனது. அவளைக் கயானாவுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்தபிறகு அவளோடு பேச்சே இல்லை. அவள் விமானம் ஏறிய நாளில் நைனா கடலில் இருந்தார். நடுவில் ஒருமுறை லீவில் வந்தாள். சரியான சீசன் நேரம். பாதி நாள் இவர் கடலில். கரைக்கு வந்த நாளெல்லாம் ஏலம், ஐஸ், டீசல் என்று ஹார்பரிலேயே கிடந்தார். அவள் திரும்பிப் போனதற்கு அம்மா அழுதது கொஞ்சம். அப்பனும் மகளும் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சோறு சாப்பிடவில்லையே என்று அழுததுதான் நிறைய.

அப்புறம் எல்லாம் போனில்தான். அதுவும் எப்படி? அக்கா ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூப்பிடுவாள், அங்கே அப்போது காலை பூசை முடிந்திருக்கும். அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நைனா போனுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா சாப்டான்னு கேளு" என்பார். அம்மா கேட்பாள். "இட்லி கெடைக்குதான்னு கேளு" என்பார். அம்மா கேட்பாள். அங்கிருந்து அக்கா, "நைனாவ குடும்மா" என்றால் மட்டும் எழுந்து போய்ச் சட்டையைத் தேடுவார். போனில் பேச எதற்குச் சட்டை என்று நான் ஒருமுறை கேட்டேன். முறைத்தார்.

அக்கா மறுபடி எப்போது ஊருக்கு வருவாள் என்று அவளுடைய மடத்துக்கே தெரியாது. நைனாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. இந்தப் பயணமும் தவறினால் இவர்கள் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசவே போவதில்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் அடுத்த ஆறேழு மாதமும் நான் இந்த ஒரே வேலையாக அலைந்தேன்.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டரில் பெட்டி எண் தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள், கம்ப்யூட்டர் தொட்டவள் நான் ஒருத்திதான். ஆகவே உலகத்தில் எங்கே என்ன என்று கண்டுபிடிக்கிற வேலையெல்லாம் என் தலையில் விழும். வேலை முடிந்து, எண்ணூர் ரோட்டில் வரிசைகட்டி நகராமல் நின்ற ட்ரெய்லர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் வெந்து, கல்மண்டபத்தில் இறங்கி, பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கயானாவுக்குப் போக எது நல்ல நேரம் என்று தேடியதில், எல்லா இடத்திலும் ஒரே சேதிதான். செப்டம்பர், அக்டோபர் நல்லது. பிப்ரவரி, மார்ச் ரொம்ப நல்லது. மே மாதம் மழை தொடங்கும். ஜூன், ஜூலையில் அக்கா இருக்கிற புல்வெளி முழுக்கத் தண்ணீர் நின்று ஏரியாகிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நீ சொன்ன மாசத்துல அங்க மழை ஆரம்பிச்சிரும்மா."

"மழை பேஞ்சா இன்னா? தடைக்காலத்துல அவங்களும் சும்மாதான இருப்பாங்க" என்றாள் அம்மா.

"யாரு?"

"அந்த ஊரு ஆளுங்க. கடலு ஒண்ணுதானடி. மீனு இங்க ஒரு மாசம், அங்க ஒரு மாசமா முட்டை போடும்? அதுவுமில்லாம மே மாசம் ஸ்கூல் லீவு. அவளுக்கும் வேலை கம்மியா இருக்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அங்கே பள்ளிக்கூட லீவு ஆடி மாதத்தில். அக்கா இருக்கிற இடத்திலிருந்து கடலைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். உலகத்தில் இருக்கிற மீனெல்லாம் காசிமேட்டு ஃபிஷரீஸ் ஆபீசைக் கேட்டுக்கொண்டுதான் முட்டை போடுகிறதா என்று கத்தினேன். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கடலு ஒண்ணுதான். அதுல இன்னா தப்பு" என்றார். அந்தப் பயண விஷயத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

சரி, தடைக்காலம் வேண்டாம், செப்டம்பர் என்றேன். அம்மாவுக்கு வேளாங்கண்ணித் திருவிழா. பெரிய தேருக்குப் போகாமல் ஒரு வருஷம்கூட இருந்ததில்லை. அக்டோபர் என்றேன். "மழை வந்துச்சுன்னா வூட்டுக்குள்ள முட்டிக்காலு தண்ணி நிக்குமே, யாரு மொண்டு ஊத்துறது" என்றார் நைனா. நான் எதற்கு இருக்கிறேன் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள், அவருடைய அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். டிசம்பர் கிறிஸ்துமஸ், அதைப்பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. ஜனவரியில் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜனவரில பனி" என்றார். இருபது வருஷமாகப் பனியில் கடலுக்குப் போய் வந்தவர், பனி ஆகாது என்கிறார்.

தெருவுக்கே விஷயம் தெரிந்துபோனதால் ஆளாளுக்கு மாதம் சொல்ல வந்தார்கள். எதிர்வீட்டில் ஒரு கப்பல் குக் இருந்தார். நாலைந்து மாதம் கப்பலில், இரண்டு மாதம் வீட்டில். பாக்சைட் தாது ஏற்றக் கயானா துறைமுகத்துக்கே போய் வந்தவர். எங்களுக்குக் கிடைத்த ஒரே நேரடிச் சாட்சி. அம்மா அவருக்கு ஒரு தட்டு வஞ்சிரம் வறுவல் வைத்து உட்காரவைத்தாள்.

"பிப்ரவரி போங்கக்கா" என்றார் அவர், முள்ளை எடுத்துக்கொண்டே. "சூப்பரா இருக்கும். தெருவெல்லாம் டேன்ஸு, பாட்டு. அந்தப் பக்கத்து ஊருங்க எல்லாத்துலயும் அப்பதான் திருவிழா. பொம்பளைங்க ரெக்கை எல்லாம் கட்டிகினு, கல்லு வச்ச துணி போட்டுகினு..."

"என்ன துணி?" என்றாள் அம்மா.

"துணி கம்மிதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அம்மா மாதாவை வேண்டிக்கொண்டு தட்டை எடுத்துவிட்டாள். கன்னியாஸ்திரியைப் பெற்றவர்களுக்கு இந்த ஆள் சொல்கிற யோசனையைப் பார் என்று, அவர் போனபிறகு ஒரு மணி நேரம் திட்டினாள். நைனாவுக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

மண்ணடியில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் நைனாவையே இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கொழும்பு, துபாய், சிங்கப்பூர் மூன்றும் தலைகீழ்ப் பாடம். கயானா என்றதும் சுவரிலிருந்த உலக மேப்புக்குப் போய் ஆப்பிரிக்காவில் தேட ஆரம்பித்தார். நான் காட்டிக்கொடுத்தேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளாமல் ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மார்ச் பெஸ்ட்டுங்க சார். வானம் தெளிவா இருக்கும், ரோடு நல்லா இருக்கும், ஊரு ஊரா சுத்திப் பாக்கலாம். ஆத்துல போட்டிங் இருக்கு" என்றார்.

"போட்டிங்னா?" என்று நைனா என்னைக் கேட்டார்.

"படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க நைனா."

நைனா அந்த டிராவல்ஸ்காரரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, ஒரு சர்பத் வாங்கிக் குடித்தார். எனக்கும் வாங்கிக் கொடுத்தார்.

இப்படியே நாள் போய் மறு வருஷம் பிறந்துவிட்டது. மார்ச் என்றால் தவக்காலம். கறி மீன் தொடாமல், வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை போகிற அம்மா, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவளே இறங்கி வந்தாள். "அங்கயும் அதே சாமிதான கீறாரு. அவ மடத்துலயே சிலுவைப்பாதை பண்ணிக்கிறேன். மார்ச்சே போடுடி" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நைனா பக்கம் திரும்பினேன்.

"மார்ச்சுல வலையில எறா படும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "உனக்கு எறாவும் இல்ல, பனியும் இல்ல நைனா. உனக்கு அவளப் பாக்க இஷ்டமில்ல. அத வாயத் தொறந்து சொல்லு. பன்னெண்டு மாசத்துக்கும் ஒரு சாக்கு சொல்லி முடிச்சிட்ட, இன்னொரு மாசம் எங்க போயி நான் தேடுறது? நீ போவ வேணாம். அம்மாவ மட்டும் அனுப்புறேன். அவகிட்ட இன்னா சொல்றதுன்னு மட்டும் நீயே சொல்லிக் குடுத்துரு."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நைனா என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஹார்பருக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, நான் வேலைக்குக் கிளம்பும்போது, "டிபன் எடுத்துகினியா" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்றேன். பாவமாக இருந்தது. கோபமும் அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அம்மா அடுப்படியில் மாவு பிசைந்த கையோடு இருந்தாள். நான் எழுவதற்குள் நைனா போய் எடுத்துவிட்டார். சட்டைகூட இல்லை, லுங்கிதான். அவருக்கு அந்த ரிசீவரை எந்தப் பக்கம் காதில் வைப்பது என்றே ஒரு கணம் தெரியவில்லை. அக்கா தூரம் அதிகம் என்பதற்காக எப்போதும் கத்தித்தான் பேசுவாள். அன்றைக்கு அவள் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, நல்லா கீறியா?"

"நான்தான்" என்றார் நைனா.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் பயந்தேன். நைனா அழவில்லை, தொண்டையைச் செருமவில்லை. நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. படகில் பக்கத்துப் படகுக்காரனிடம் விசாரிக்கிற குரலில், "ஒங்க ஊர்ல மழை எப்ப புடிக்கும்?" என்றார்.

"மே மாசம் ஆரம்பிக்கும் நைனா."

"எப்ப நல்லா அடிச்சு ஊத்தும்?"

"ஜூன், ஜூலை. அப்ப வராதீங்க நைனா. ரோடெல்லாம் முழுகிரும். ஜீப்பு எங்கயும் போவாது."

"போவாதுன்னா, நீ இன்னா பண்ணுவ?"

"நான் இன்னா பண்றது, மடத்துலயே கெடக்க வேண்டியதுதான். மே மாசம் வரைக்கும் ஓட்டம்தான் நைனா. ரோடு மூடிக்கிறதுக்குள்ள எல்லா கிராமத்துக்கும் மருந்து கொண்டுபோயிக் குடுத்துரணும். தூங்கக்கூட நேரம் இருக்காது. ஜூன் வந்துச்சுன்னா வாசல தாண்ட முடியாது. ஒரு வேலையும் இருக்காது. கொசுதான் இருக்கும்."

"அப்ப ஜூன்ல வரோம்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் ஒரே கூச்சல். கூச்சல் என்னுடையதுதான். பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கமே போகாதே என்று போட்டிருந்த மாதம் அது. டிராவல்ஸ்காரரோ கப்பல் குக்கோ பேச்சுக்குக்கூட அதைச் சொல்லவில்லை. வருஷத்தில் பதினொரு மாதத்தை விட்டுவிட்டு அதையா பொறுக்கி எடுத்தாய் என்று கேட்டேன். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வெயிலு காலத்துல போனா ரோடு நல்லா இருக்கும். வாஸ்தவம்" என்றார். "ரோடு நல்லா இருந்தா அவ ஜீப்ப எடுத்துகினு கெளம்பிருவா. நான் அவ ரூமு செவத்த பாத்துகினு குந்திகினு இருக்கணும். அவ இங்க வந்தப்ப நான் அததான் பண்ணேன். மீன்பாடு மீன்பாடுன்னு கடலுக்கு ஓடினேன். அவ இந்தச் செவத்த பாத்துகினு குந்திகினு இருந்தா. அதே மாரி நேரம் பாத்து நான் அங்க போவணுமா?"

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"வேலைக்காரவங்கள வேலை இல்லாத நேரத்துலதான் பாக்கணும்" என்றார். "மழை அடிச்சு ஊத்தட்டும். வாசல தாண்ட முடியாதுன்றா இல்ல, அதான் எனக்கு வேணும்."

இத்தனை மாதமாக நான் கேட்ட கேள்வியே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. வானம் எப்போது தெளிவாக இருக்கும் என்று உலகத்தையே கேட்டேன். என் அக்கா எப்போது சும்மா இருப்பாள் என்று அக்காவை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஜூன் என்று சொன்னதில் இன்னொன்று இருந்தது. அது எங்கள் தெருவில் எல்லோருக்கும் உடனே உறைத்தது. தடைக்காலம் முடிந்து படகு முதன்முதலாகக் கடலில் இறங்குவது வைகாசி பாதிக்கு மேல், அதாவது ஜூன் வாக்கில். ஒன்றரை மாதம் யாரும் தொடாத கடல். வலை போட்ட இடத்திலெல்லாம் மீன் வரும். வருஷத்திலேயே நல்ல பாடு அப்போதுதான். அந்த முதல் பயணத்தை எந்த டிரைவரும் காய்ச்சலில் கிடந்தால்கூட விடமாட்டான். நைனா தடைக்காலம் முழுக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, படகுக்கு மாலை போடுகிற நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கப்போகிறார்.

ஹார்பரில் அவரைச் சும்மா விடுவார்களா. "இன்னா டிரைவரே, சும்மா கீற நேரத்துல வூட்ல குந்திகினு இருந்துட்டு, மீனு வர நேரத்துல ஃபாரின் டூரா" என்று ஐஸ் உடைக்கிறவர்கள்கூடக் கேட்டார்கள். படகு ஓனர் வீட்டுக்கே வந்து, உனக்கு மண்டையில் ஏதாவது கோளாறா என்று கேட்டுவிட்டுப் போனார். வேறொரு டிரைவரிடம் படகைக் கொடுத்தார்கள். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய், என்ஜின் எங்கே உதறும், எந்த வால்வு கொஞ்சம் தகராறு பண்ணும் என்று நைனாவே காட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு வலித்தது. வலிக்காமல் இருக்குமா.

கிளம்புகிற அன்று எங்கள் வீட்டைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. தெருவில் எல்லோரும் அப்போதுதான் வலையை வெளியே எடுத்துப் போட்டுத் தயார் பண்ணிக்கொண்டிருக்க, அம்மா இரண்டு குடையையும், பாலித்தீனில் சுற்றிய நெத்திலிக் கருவாட்டையும், கொசுவத்திச் சுருளையும் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றேன். "பிடுங்குறவன் வூட்லயும் சோறு ஆக்குவாங்க, துன்னட்டும்" என்றாள். கப்பல் குக் முட்டி உயரத்துக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து நைனாவிடம் கொடுத்து, "அண்ணாத்த, இத மறக்காம போட்டுக்க" என்றார். அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டேதான் நைனா மீனம்பாக்கத்தில் உள்ளே போனார். பெட்டியில் இடமில்லை.

போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் கிடைக்கவில்லை. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன இடத்தில் அப்பனும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால் என்ன பண்ணுவது, இந்த வீம்பு பிடித்த மனிதர் அங்கேயும் சட்டையைத் தேடிக்கொண்டு எழுந்து போனால் என்ன பண்ணுவது என்று ஆபீசில் பெட்டி எண்களைத் தப்புத்தப்பாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் போன் அடித்தது. முதலில் அம்மா.

"இன்னா மழைடி" என்றாள். "வாசல்லேர்ந்து பாத்தா கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணி. நம்ம எண்ணூரு கழிமுகம் எல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. சின்ன பிளேன்ல வந்தோமே, அது எறங்கறதுக்குள்ள நான் மூணு ஜெபமாலை சொல்லி முடிச்சிட்டேன். கருவாட்ட பிடுங்கல. இங்கத்த சிஸ்டருங்க எல்லாம் நல்லா துன்றாங்க."

"நைனா?"

"அவரா. நான் ஒருத்தி கீறேன்னே அவருக்கு ஞாபகம் இல்ல. காலைல நாஸ்டா முடிஞ்சா ரெண்டு பேரும் வெராண்டாவுல குந்திக்குவாங்க. மத்தியானம் கூப்ட்டாதான் எழுந்திருப்பாங்க. ஆத்து மீனுக்கு மண்ணு வாசனை அடிக்குதுன்னு இந்த ஊருக்கே சொல்லிட்டாரு. அவரே கொழம்பு வச்சாரு. அக்காவ கூப்டுறேன் இரு."

அக்கா வந்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. மெதுவாகப் பேசினாள். நைனா பக்கத்தில் இருக்கிறார் போல.

"நைனா என்கிட்ட இன்னா கேட்டாரு தெரியுமா" என்றாள். "நாலு நாளு மழையப் பத்தியும் மீனப் பத்தியுமே பேசிகினு இருந்தாரு. அப்பால ஒரு நாளு திடீர்னு, 'நீ ஜெபம் பண்றப்ப எங்களுக்குன்னு தனியா பண்ணுவியா, இல்ல ஒலகத்துக்கே சேத்து மொத்தமா பண்ணிருவியா'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"தனியாதான்னு சொன்னேன். இங்க சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிக்கிற நேரம்தான் அங்க விடிகாலைல படகு கெளம்புற நேரம். நான் இங்க வந்த மொத நாள்லேர்ந்து அந்த ஜெபம் நைனாவுக்குத்தான். இத்தினி வருஷத்துல ஒரு நாளு கூட விடல. அதச் சொன்னேன்."

"அதுக்கு நைனா?"

"எழுந்து போயி சட்டை போட்டுகினு வந்தாரு. மணி அடிச்சதும் எங்க கூட கோயில்ல வந்து முழங்கால் போட்டாரு. டெய்லி வராரு இப்ப. எங்களுக்கு முன்னாடி போயி குந்திக்கிறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவளிடம் காட்டிக்கொள்ள இஷ்டமில்லாமல், நைனாவைக் கூப்பிடு என்றேன். அவர் வந்து, "இன்னா பாப்பா" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் பல வருஷமாகக் கேட்டதில்லை. நம்ம படகுக்கு முதல் பயணத்திலேயே நல்ல மீனாம், ஓனர் உன்னை விசாரித்தார், எப்போது வருகிறாய் என்று கேட்டேன். நாள் குறித்த டிக்கெட் என்பதையும் ஞாபகப்படுத்தினேன்.

"பிளேனு எறங்கற எடத்துல தண்ணி நிக்குதாம். இந்த வாரம் வராதாம்" என்றார். சோகமான செய்தியைச் சொல்கிறவர் மாதிரியே இல்லை. "மழை விடட்டும். அப்பால பாக்கலாம்."

போனை வைத்தேன். எங்கள் தெருவில் அப்போது தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மெட்ராஸில் அந்த வருஷம் சொட்டு மழை கிடையாது. கிணறு, அடிபம்பு எல்லாம் வறண்டு, ஆளுக்கு இரண்டு குடம்தான் என்று வரிசையில் சண்டை. நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். முறை வரும்வரை, இங்கே பெய்யாவிட்டால் போகட்டும், அங்கே இன்னும் ஒரு வாரத்துக்கு விடாமல் பெய்யட்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.